சுங்கை சிப்புட்: சின்னத் தாத்தாவின் ஊரில்

ஜூன் 14, 2024, வெள்ளி: நெடுஞ்சாலையில்

திருச்சியில் ஏறிய விமானம் சொன்ன நேரத்தில் கோலாலம்பூரில் இறங்கிவிட்டது. அன்றைக்கு ஒழுங்காக நடந்தது அது ஒன்றுதான். திங்கட்கிழமை ஹஜ்ஜுப் பெருநாள். சனி ஞாயிறோடு சேர்த்துத் தொடர் விடுமுறை. கோலாலம்பூரிலிருந்து வடக்கே போகும் ரயிலில் ஒரு டிக்கெட்டும் மிச்சமில்லை. சுங்கை சிப்புட்டில் ரயில் நிற்கும், இறங்கினால் சித்தப்பாவே வந்து அழைத்துக்கொள்வார் என்று அப்பா சொல்லி அனுப்பியது அங்கேயே அடிபட்டுப் போயிற்று. 32 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட், கொடுத்து, சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்துப் பெரிய ஊரான ஈப்போவுக்குப் பஸ் ஏறினேன். அன்றைய நிலவரத்தில் ஒரு வெள்ளிக்கு நம்மூர்ப் பணம் 18 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் நாள் முழுக்க எதை வாங்கினாலும் மனம் பெருக்கல் வாய்பாடு சொல்லிக்கொண்டே இருந்தது.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தாத்தாவின் தம்பி, எங்களுக்குச் சின்னத் தாத்தா, ஜூன் 1ஆம் தேதி காலையில் காலமானார். வயது 98. பதினாறாம் நாள் கருமக்கிரியை ஞாயிற்றுக்கிழமை. அப்பா வரவேண்டியது, அவருடைய முழங்கால் இடம் கொடுக்கவில்லை. "நம் வீட்டிலிருந்து ஒருவர்கூடப் போகாவிட்டால் நன்றாயிருக்காது, நீ போய்த் துக்கம் கேட்டுவிட்டு வா" என்றார்.

துறையூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சின்னத் தாத்தாவின் படம் ஒன்று உண்டு. இருபது வயதில், யாரோ ஸ்டூடியோக்காரர் விரித்த திரைக்கு முன்னால் விறைப்பாக நிற்கிறார். நேதாஜி படையில் இருந்தவர், இம்பால் வரை போய்ச் சண்டை போட்டவர் என்பது எங்கள் வீட்டுக் கதை. வருகிறவர்களிடமெல்லாம் அந்தப் படத்தைக் காட்டாமல் அப்பா காப்பி கொடுத்ததில்லை.

200 கிலோமீட்டர், மூன்று மணி நேரம் என்றார்கள். தஞ்சோங் மாலிம் தாண்டுவதற்குள்ளேயே அந்த மூன்று மணி நேரம் தீர்ந்துவிட்டது. நாட்டில் உள்ள கார்களெல்லாம் சொந்த ஊருக்குக் கிளம்பியிருந்தன. ஆனாலும் ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. நம் பக்கம் இப்படி ஒரு நெரிசல் என்றால் காது கிழிந்திருக்கும். பக்கத்து இருக்கையில் ஒரு மலாய்க்கார அம்மா. எனக்கு மலாய் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. டப்பாவைத் திறந்து ஏதோ பலகாரத்தை நீட்டினார். நான் முறுக்கை நீட்டினேன். என்னுடைய முறுக்கைக் கடித்துப் பார்த்துவிட்டு, பல்லைக் காட்டிச் சிரித்து, வயதாகிவிட்டது என்பதுபோல் தலையாட்டினார். தாப்பா ஓய்விடத்தில் பஸ் நின்றபோது வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. நாசி லெமாக் பொட்டலம் 4 வெள்ளி. தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, வேர்க்கடலை, அரை முட்டை, கண்ணில் நீர் வரவழைக்கும் சம்பால். பசியில் பெருக்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

இருட்டிய பிறகு ஈப்போ. அங்கும் ஒரு வில்லங்கம். டிக்கெட் கொடுத்த பெண் ஈப்போ என்று மட்டும்தான் சொன்னாள். பஸ் போய் நின்றது ஊருக்கு வெளியே இருக்கும் அமான்ஜெயா நிலையத்தில். சித்தப்பாவோ ஊருக்குள் பழைய பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தார். என் போனில் அந்நாட்டு சிம் வேலை செய்யவில்லை. தண்ணீர், பிஸ்கட் விற்கும் கடையில் ஒரு தமிழ் அம்மா தன் போனிலிருந்து அவரை அழைத்துக் கொடுத்தார். சித்தப்பா வந்து சேரும்வரை என்னை உட்காரவைத்து, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், சம்பளம் எவ்வளவு, கழுத்துச் சங்கிலி ஏன் இவ்வளவு மெல்லிசு என்று வரிசையாக விசாரித்தார். தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். "துக்கத்துக்கு வந்த பிள்ளையிடம் காசு வாங்குவார்களா?" என்றார். சங்கிலி விஷயத்தை மன்னித்துவிட்டேன்.

ஜூன் 15, சனி: பசியாறுதல், பின்னல், சயாம்

காலையில் எழுந்ததும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி: "பசியாறிவிட்டாயா?" தம்பி, அதாவது சித்தப்பா மகன், கடைத்தெருவுக்கு அழைத்துப்போனான். ரொட்டி சானாய் இரண்டு, பருப்புக் குழம்பு, தே தாரே என்னும் இழுத்து ஆற்றிய டீ ஒன்று: எல்லாம் சேர்த்து 5 வெள்ளி 60 காசு. மாவை வீசி வீசிக் காகிதமாக்கிக் கல்லில் போட்டவர் வங்காளதேசத்துப் பையன். தமிழில்தான் கணக்குச் சொன்னான்.

சுங்கை சிப்புட் பெரிய ஊர் இல்லை. பழைய இரண்டு மாடிக் கடை வரிசைகள், பின்னால் பச்சை மூடிய சுண்ணாம்புக்கல் மலைகள். நகைக்கடை, பூக்கடை, மளிகைக்கடை என்று பாதிக்குப் பாதி தமிழ்ப் பலகைகள். ஒரு காலத்தில் இந்த ஊரைச் சுற்றி எட்டுத் திக்கும் ரப்பர்த் தோட்டங்கள். மலேசிய இந்தியக் காங்கிரஸ் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ. தி. சம்பந்தனின் ஊர் இது. மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப்பள்ளியை 1954இல் விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்துவைத்திருக்கிறார். சின்னத் தாத்தாவின் கடைசி மூன்று பிள்ளைகள் அங்கே படித்தவர்கள். தோட்டத்துப் பள்ளியே போதும் என்று மற்றவர்கள் சொன்னபோது, அவர்தான் பிடிவாதமாக நின்று, சைக்கிளின் முன்கம்பியில் ஒன்றும் பின்னால் இரண்டுமாக ஏற்றிக்கொண்டு விட்டாராம். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் ஆள் காலை ஐந்து மணிக்குப் பெரட்டில், அதாவது ஆள் எண்ணும் வரிசையில், நிற்கவேண்டும். பிறகெப்படிப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டார் என்று கேட்டேன். கங்காணியிடம் பேசி, தூரத்து நிரையை, அதாவது தொலைவில் இருக்கும் மர வரிசையை, எவனும் வேண்டாமென்பதால் அதைத் தான் எடுத்துக்கொண்டு, பதிலுக்கு அரை மணி நேரம் வாங்கியிருக்கிறார். தூரத்து நிரை என்றால் பால் வாளிகளைக் காண்டாக் கம்பில் தொங்கவிட்டு அவ்வளவு தூரம் தோளில் சுமந்து வரவேண்டும். பதினோரு வருஷம் அப்படி.

மளிகைச் சாமான் வாங்க ஒரு சீனர் கடைக்குப் போனோம். கடைக்காரருக்கு எழுபதுக்கு மேலிருக்கும். என்னைவிட நல்ல தமிழ். நான் யாரென்று தம்பி சொன்னதும், "ஓ, கப்பலேறிப் போனவரின் பேத்தியா?" என்றார். உள்ளே திரும்பி மனைவியிடம் சீனத்தில் ஏதோ சொன்னார். இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என்னவென்று கேட்டால் சொல்லவில்லை. ஒரு பொட்டலம் கற்கண்டை இலவசமாகப் பையில் போட்டார்.

வீடு, வரிசை வீடுகள் நிறைந்த ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், இருக்கிறது. தொண்ணூறுகளில் தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை என்னும் எண்ணெய்ப் பனை போட்டபோது, லயத்தை, அதாவது தொழிலாளர் குடியிருப்பை, காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பிறந்ததிலிருந்து கம்பெனி வீட்டில் இருந்த மனிதர், ஊழியர் சேமநிதிப் பணத்தையும் மாடு விற்ற பணத்தையும் போட்டு இதை வாங்கியிருக்கிறார். மூன்று அறை, முன்னால் கார் நிறுத்தச் சின்ன இடம். அதில் கார் நின்றதே இல்லை. கருவேப்பிலை, முருங்கை, வெற்றிலைக்கொடி.

பாட்டி ஹாலில் சாய்வு நாற்காலியில் இருந்தார். 91 வயது. பார்வை நன்றாயிருக்கிறது, வாயும் நன்றாயிருக்கிறது. வலது கை மட்டும் 2012இல் வந்த வாதத்துக்குப் பிறகு மடியிலேயே கிடக்கிறது. நான் போனபோது பெரிய அத்தையின் மகள் அவருக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பாட்டி திருப்தியில்லாமல் முனகினார். அவிழ்த்துப் பின்னினாள். மறுபடியும் முனகல்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. கை போனதிலிருந்து பாட்டிக்குத் தலை பின்னியது சின்னத் தாத்தா. அப்போது அவருக்கு 86. மருமகளிடம் போய், தேங்காய் நார்க் கயிறு மூன்றை ஜன்னல் கம்பியில் கட்டிக்கொண்டு கற்றிருக்கிறார். வலது பிரி நடுவில், இடது பிரி நடுவில் என்று வாய்விட்டுச் சொல்லியபடி. காலை ஏழு மணிக்கு எண்ணெய் வைத்து, நரைத்த கொஞ்ச முடியையும் வகிடு பிசகாமல் எடுத்து, இறுக்கிப் பின்னி, நுனியில் கறுப்பு ரப்பர் வளையம் போடுவார். கயிறு திரித்ததுபோல் இருக்கும் அந்தப் பின்னல், மறுநாள் காலைவரை ஒரு முடி வெளியே வராது. பெண்பிள்ளைகள் பின்னுவதெல்லாம் பாட்டிக்கு இப்போது 'தொள தொள'. நானும் முயன்றேன். என்னையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார்.

மதியத்துக்குமேல் அடுக்களையில் மறுநாள் சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே அத்தைகள் பேசினார்கள். நான் இம்பாலை எடுத்தேன். பெரிய அத்தை வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"இம்பாலா? அவர் இம்பாலைப் பார்த்ததே இல்லையே."

கதை இப்படி. சகோதரர்கள் மூன்று பேர். ஜப்பான்காரன் ஆட்சியில், 1943 தொடக்கத்தில், மூத்தவரைச் சயாம், அதாவது தாய்லாந்து, ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசயாத் வரை 415 கிலோமீட்டர், காட்டை வெட்டிப் போட்ட பாதை. தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் காலராவிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். மூத்தவர் திரும்பவில்லை. அந்த ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். தோட்டம் தோட்டமாக ஆள் சேர்த்தார்கள். பட்டாளத்தில் பெயர் கொடுத்தவனைச் சயாமுக்குப் பிடிக்கமாட்டார்கள் என்று ஊரில் பேச்சு. கொள்ளுப்பாட்டி பதினேழு வயதுப் பையனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், தானே பெயரைக் கொடுத்துவிட்டார்.

"நாட்டுக்காகச் சேரவில்லையா?" என்று கேட்டேன்.

"சேர்ந்த பிறகு நாட்டுக்காகத்தான் இருந்தார்" என்றார் அத்தை.

1944இல் பர்மாவுக்கு அனுப்பினார்கள். எந்த வழியாக? அந்த ரயில் பாதை வழியாகவே. அண்ணன் போட்ட தண்டவாளத்தின் மேல் தம்பி போயிருக்கிறார். இதைச் சின்னத் தாத்தா ஆயுளில் ஒரே ஒரு தடவை, மூத்த மருமகனிடம், ஆஸ்பத்திரியில் துணைக்குப் படுத்திருந்த ஓர் இரவில் சொல்லியிருக்கிறார். வண்டி நின்ற இடங்களிலெல்லாம் கூலிக் கொட்டகைகள் தெரிந்தன. தமிழ்க் குரல் கேட்டால் இறங்கி, அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாராம். அந்தப் பெயருள்ள வேறு இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். ஒருவருக்குத் தன் பங்குச் சோற்றைக் கொடுத்துவிட்டு வண்டியேறினார்.

அந்த மருமகனான மாமா இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மழை பிடித்தது. தகரக் கூரையில் அவர் குரல் அமுங்கிவிட்டது. மீதியை இரவுச் சாப்பாட்டின்போதுதான் கேட்க முடிந்தது.

ஜூன் 16, ஞாயிறு: கருமக்கிரியை

விடிகாலையில் பேரா ஆற்றங்கரையில் சடங்கு. சேறு வழுக்கியது, பண்டாரம் ஐயாவே ஒரு கால் சறுக்கி, சித்தப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மந்திரத்தைத் தொடர்ந்தார். என் வெள்ளைச் சேலையின் கரை காவியாகிவிட்டது. பத்து மணிக்குள் வெயில் ஏறி, ஈரமும் புழுக்கமுமாக மூச்சு முட்டியது.

வீட்டு முன் தெருவை மறித்துக் கூடாரம். நூறு பிளாஸ்டிக் நாற்காலி. நுழைவாயிலில் பெரிய பதாகை: சின்னத் தாத்தா சிரிக்கும் படம், மேலே 'நேதாஜி படைவீரர்', கீழே பிள்ளைகள், மருமக்கள், பேரர், கொள்ளுப்பேரர் என்று பெயர் வரிசை. என் தாத்தா குடும்பத்தின் பெயர்களும் கடைசி வரியில் இருந்தன. என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. பேசாமல் இருந்துவிட்டேன்.

பதிகம் பாடி முடிந்ததும் பேச்சு. ஊர்ப் பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். இருவரும் உருக்கமாகவே பேசினார்கள். ஆனால் முழுக்க நேதாஜியைப் பற்றி. இம்பால் இங்கும் வந்துவிட்டது. தமிழாசிரியர் ஒரு படி மேலே போய், மார்பில் குண்டு தாங்கியவர் என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா, "அது மாடு முட்டிய தழும்பு" என்று என் காதில் சொன்னார். துக்க வீட்டில் சிரிப்பை அடக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

நிஜத்தில் நடந்தது, எனக்கு, இம்பாலைவிடப் பெரிதாகப்படுகிறது. 1945 ஏப்ரல் கடைசியில் ஜப்பானியர் ரங்கூனை விட்டு ஓடினார்கள். நேதாஜி 24ஆம் தேதி கிளம்பும்போது, மேஜர் ஜெனரல் லோகநாதன் தலைமையில் சில ஆயிரம் வீரர்களை ஊரிலேயே நிறுத்திவிட்டுப் போனார். போனவனும் இல்லை, வரவேண்டியவனும் இன்னும் வரவில்லை என்ற அந்த இடைவெளியில் ஊர் கொள்ளை போகாமல், இந்தியர்கள் வெட்டுப்படாமல் காக்கவேண்டும். மே 3ஆம் தேதி ஆங்கிலேயர் உள்ளே வரும்வரை இவர்கள்தான் காவல். சின்னத் தாத்தாவுக்குக் கிடைத்தது ஒரு துணிக்கடைத் தெரு. துப்பாக்கி இருந்தது, சுடவில்லை. இரவெல்லாம் தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் சத்தமாகப் பேசிக்கொண்டே நடப்பாராம், நிறையப் பேர் இருப்பதுபோல் தோன்றவேண்டும் என்று. தெரு அப்படியே தப்பியது. பிறகு சரணடைந்து, சிலகாலம் அடைபட்டிருந்து, 1946இல் மலாயாவுக்குத் திரும்பிவந்து மறுபடி பால் வெட்டப் போய்விட்டார். இதைச் சொல்ல மைக் முன்னால் ஒருவரும் எழவில்லை. மாமாவிடம் ஏன் நீங்கள் பேசவில்லை என்று கேட்டேன். "நான் பேசினால் மாடு வந்துவிடும்" என்றார்.

ஜூன் 16 என்ற தேதிக்கு இந்த ஊரில் வேறு ஒரு கணக்கும் இருக்கிறது. 1948இல் இதே நாளில்தான் சுங்கை சிப்புட் பக்கம் எல்ஃபில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக்கொன்றார்கள். இரண்டு நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். அது 1960 ஜூலை 31 வரை பன்னிரண்டு வருஷம் நீடித்தது. லயத்தைச் சுற்றி முள்வேலி, ஊரடங்கு, வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோகத் தடை, வாசலில் உடற்சோதனை. காட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்ச் சேரக்கூடாது என்று. பட்டாளத்தில் இருந்தவன் என்றால் போலீஸ் இரண்டு தடவை பார்க்கும். கொள்ளுப்பாட்டி பயந்துபோய், மகனின் பட்டாளத்துக் காகிதங்கள் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டார். பின்னாளில் இந்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியம் தருகிறது என்று கேள்விப்பட்டு மகன்கள் விசாரித்தார்கள். காட்டுவதற்கு அந்த ஸ்டூடியோ படத்தைத் தவிர ஒன்றுமில்லை. பட்டாளத்தில் சேர்த்தவரும் அம்மா, சுவடில்லாமல் ஆக்கியவரும் அம்மா.

பாட்டியின் கல்யாணம் நடந்தது அந்த முள்வேலிக்குள், 1951இல். ஊரடங்கு என்பதால் இரவு ஊர்வலம் இல்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று வெளியே போய், கோயிலில் தாலி கட்டி, மாலையோடு மறுபடி வரிசையில் நின்று உள்ளே வந்திருக்கிறார்கள். "என் கூடையைத் துழாவினார்கள். அவர் குறுக்கே வந்து, இன்றைக்கு ஒரு நாள் விடுங்கள் என்று கேட்டார். விட்டார்கள்" என்றார் பாட்டி. 73 வருஷம் கழித்தும் அதில் பெருமை தெரிந்தது.

படையல் சாப்பாட்டில் பதினோரு காய். எனக்குப் பிடித்தது பலாக்காய்ப் பிரட்டலும் புளிக்குழம்பும். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா, மறுநாள் பெருநாளுக்குச் சுட்டதில் ஒரு தட்டைக் கொண்டுவந்து நீட்டினார். பிங்கா ஊபி: மரவள்ளிக்கிழங்கைத் துருவித் தேங்காய்ப்பால் விட்டுச் சுட்ட கட்டி. பந்தி அப்படியே நின்றுவிட்டது. ஜப்பான் காலத்தில் மூன்று வருஷம் மரவள்ளியைத் தின்றே வளர்ந்தவர் என்பதால், சின்னத் தாத்தா வாழ்ந்தவரை அந்தக் கிழங்கு இந்த வீட்டு வாசல்படி ஏறியதில்லையாம். சிப்ஸ் பொட்டலம்கூட வெளியே நின்று தின்னவேண்டும். அந்த அக்காவுக்கு இது தெரியாது. அத்தைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பாட்டி இடது கையை நீட்டி முதல் துண்டை எடுத்தார். "நன்றாகத்தான் இருக்கிறது. எத்தனை வருஷத்தை வீணாக்கினார்" என்றார். அதற்குப் பிறகு தட்டு காலியாக ஐந்து நிமிஷம் ஆகவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு சீனர் கடைச் சிரிப்பைப் பற்றிக் கேட்டேன். சின்ன அத்தைக்குக் குஷி வந்துவிட்டது.

1969இல் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் நடந்த கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வாங்கவேண்டும் என்ற சட்டத்தை அமல்படுத்தினார்கள். சின்னத் தாத்தா தோட்டத்திலேயே பிறந்தவர். காலத்தோடு விண்ணப்பித்துக் குடியுரிமை வாங்கியிருந்தார். என் தாத்தா ஊரில் பிறந்து கைக்குழந்தையாக வந்தவர். எதற்கும் விண்ணப்பிக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்துவிட்டார். அவரைப் போன்றவர்கள் பல்லாயிரம் பேர் அப்போது நாடு திரும்பினார்கள். 1970இல் பினாங்கில் ரஜூலா கப்பலேறி, பதினான்கு வயது அப்பாவோடும் தகரப் பெட்டியோடும் நாகப்பட்டினத்தில் இறங்கினார். இது வரைக்கும் எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். சொல்லாதது: சீனர் மளிகைக்கடையில் 37 வெள்ளி பாக்கி வைத்துவிட்டுப் போனார். பத்து நாள் கூலி வரும். சின்னத் தாத்தா மாதம் 3 வெள்ளியாக அதை அடைத்தார். கடைக்காரரின் அப்பா பாதியைத் தள்ளுபடி செய்ய முன்வந்தும் கேட்கவில்லை. அப்போது ஐந்து பிள்ளைகள், ஆறாவது வயிற்றில்.

"அண்ணன் மேல் கோபமாக இருந்தாரா?" அப்பா என்னிடம் கேட்டு வரச் சொன்ன கேள்வி அதுதான்.

"கோபம் இல்லாமலா? ஒவ்வொரு மாதமும் சம்பளத் தேதியில் திட்டுவார். அடைத்து முடித்த பிறகு திட்டுவதையும் நிறுத்திவிட்டார்."

ஜூன் 17, திங்கள்: தோட்டம்

பெருநாள். கடைகள் பாதி மூடியிருந்தன. தம்பி என்னைப் பழைய தோட்டத்துக்குக் காரில் அழைத்துப்போனான். வழியில் சாலையோரம் டுரியான் குவியல். நாட்டு ரகம், நான்கு காய் 20 வெள்ளி. ஒன்றை அங்கேயே பிளந்து கொடுத்தார்கள். இரண்டு சுளை நல்லபடியாக இறங்கியது. மூன்றாவதில் வயிறு வேண்டாம் என்றது. மீதி கார் டிக்கியில் ஏறி, அன்று முழுக்க எங்களோடு பயணம் செய்தது.

தோட்டத்தில் பார்க்க ஒன்றுமில்லை என்று சொன்னால் தம்பி வருத்தப்படுவான், ஆனாலும் அதுதான் உண்மை. கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை, அடியில் இருட்டு. லயம் இருந்த இடத்தை ஒரு குழாய்த் தூணை வைத்துத்தான் அவனால் அடையாளம் சொல்ல முடிந்தது. இங்கே வெட்டிய மரம், பால் பிடிக்கும் மங்கு, கத்தி, காண்டாக் கம்பு எதுவும் இப்போது இல்லை. குலை வெட்டுகிறவர்கள் வங்காளதேசத்துக்காரர்களும் இந்தோனேசியர்களும். ஒரு ரப்பர் மரம்கூடக் கிடைக்காமல் போய், கடைசியில் ஆற்றோரத்தில் தானாக முளைத்த ஒன்றைக் காட்டினான். கீறிப் பார்த்தோம், பால் வந்தது.

கோயில் மட்டும் இருக்கிறது. மாரியம்மன், புதுப் பெயின்ட், டைல்ஸ் போட்ட தரை. திருவிழாவுக்கு நாடெங்கும் இருந்து பழைய தோட்டத்து ஆட்கள் வருவார்களாம். நுழைவாயிலில் நன்கொடையாளர் கல்வெட்டில் சின்னத் தாத்தா பெயருக்கு நேராக 'கிணறு' என்று மட்டும் இருக்கிறது. வெட்டிக் கொடுத்தாரா, பணம் கொடுத்தாரா என்று தம்பிக்குத் தெரியவில்லை. மாலையில் பாட்டியிடம் கேட்டேன். வெட்டினார், நானும் மண் சுமந்தேன், என் பெயரைப் போடவில்லை என்றார்.

திரும்பும்போது காலில் ஏதோ குறுகுறுத்தது. கணுக்காலில் ஓர் அட்டை, செருப்பு வாருக்குள் இன்னொன்று. நான் போட்ட கூச்சலில் குலை ஏற்றிக்கொண்டிருந்த பையன் ஒருவன் டிராக்டரிலிருந்து குதித்து ஓடிவந்தான். நகத்தால் வழித்து இரண்டையும் எறிந்துவிட்டு, என் செருப்பைப் பார்த்து, பிறகு தன் முழங்கால் வரையிலான ரப்பர் பூட்ஸைத் தட்டிக் காட்டினான். பெருநாள் அன்றும் வேலையா என்று தம்பி மலாயில் கேட்டான். காலையில் தொழுதாயிற்று, இன்று இரட்டைக் கூலி, ஊரில் இரண்டு பிள்ளைகள் என்றான். டுரியானில் ஒன்றை அவனுக்குக் கொடுத்தோம். காருக்கும் அது நல்லதாயிற்று.

ஜூன் 18, செவ்வாய்: கணக்கு

இரவு ரயிலில் ஒரு டிக்கெட் கிடைத்துவிட்டது. காலையில் ஈப்போ புந்தோங் போய்க் கச்சாங் பூத்தே வாங்கினேன்: வறுத்த கடலை, காரப் பட்டாணி, ஓமப்பொடி, முறுக்கு. திருச்சிக்கு முறுக்கு வாங்கிக்கொண்டு போகும் முதல் ஆள் நானாகத்தான் இருக்கவேண்டும். கொஞ்சம் மென்மையான முறுக்காகக் கேட்டு வாங்கினேன்.

கிளம்புமுன் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, 37 வெள்ளியை எண்ணி அவர் மடியில் வைத்தேன். வேண்டாம் என்பார், கண்ணைத் துடைத்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். இடது கையால் ஒவ்வொரு நோட்டாகப் புரட்டி எண்ணி, சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, தலையணைக்கு அடியில் செருகினார். "வட்டி?" என்றார்.

அத்தைகள் சிரித்ததில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். அந்தச் சமயம் பார்த்து அப்பா போனில் வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"37ஆ? யார் சொன்னது? 27. அதிலும் 10 வெள்ளி சித்தி வீட்டு மாட்டுக்குப் பிண்ணாக்கு வாங்கியது. போனைக் கொடு."

கொடுத்தேன். வணக்கம், சுகமா, துக்கம் எதுவும் இல்லை. பாட்டி எடுத்த எடுப்பில், பிண்ணாக்கு வாங்கியது அதற்கு முந்தின வருஷம் என்றார். மறுமுனையில் அப்பா மாட்டின் நிறத்தைச் சொன்னார். இல்லை, அந்த மாடு அப்போது சினையாக இருந்தது, பிண்ணாக்கே தின்னவில்லை என்றார் பாட்டி. தம்பி வாசலில் காரைக் கிளப்பிவிட்டு ஹாரன் அடித்தான். அந்த நாட்டில் நான் கேட்ட முதல் ஹாரன். என் போன் பாட்டியின் காதில் இருந்தது. கேட்டால் தரமாட்டேன் என்று கையை ஆட்டினார். கடைக்காரரின் பேரேட்டில் அப்பாவின் கையெழுத்தே இருந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.